ஒருவரின் துணிவும் பலரின் நலமும்: மரபணுச் சிகிச்சையை எடைபோடுவது எப்படி?

சில வாரங்களுக்கு முன் ஒரு தாய், ஹீமோபிலியா உள்ள தம் பதினாறு வயது மகனுடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். தந்தை ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர். ஐ.டி.ஐ. முடித்துத் தானும் அங்கேயே வேலைக்குச் செல்ல வேண்டும் என்பது பையனின் ஆசை. ஆனால் முழங்கால் மூட்டில் அடிக்கடி ரத்தம் கசிவதால், ஃபேக்டர் ஊசிக்கே நாள்கள் போய்விடுகின்றன. "டாக்டர், ஊரில் இருக்கிற நிலத்தை விற்றாவது இவனுடைய ஜீனை மாற்றிவிட முடியுமா?" என்று தாய் கேட்டார்.

முடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியை உண்டாக்கும் மரபணு பழுதாவதே ஹீமோபிலியா ஏ. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐவரின் குருதி மூலச் செல்களைப் பிரித்தெடுத்து, தீங்கற்றதாக்கிய வைரஸின் துணையால் சரியான மரபணுவை அவற்றுள் சேர்த்து, மீண்டும் அவர்கள் உடலிலேயே செலுத்தினர். கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் இம்முடிவை வெளியிட்டது. மகிழத்தக்க செய்திதான். எனினும் ஐவர் என்பது சிறிய எண்ணிக்கை. இது இன்னும் ஆய்வுநிலைச் சிகிச்சையே.

இத்தகைய சிகிச்சை சரியா, தவறா என்பதை அதனால் விளையும் மொத்த நன்மையையும் துன்பத்தையும் கொண்டு அளக்க வேண்டும் என்பது பயன்பாட்டுவாதம். இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில் இதை விரித்துரைத்தார். மருத்துவர்களாகிய நாங்கள் நாள்தோறும் அறிந்தோ அறியாமலோ போடும் கணக்கும் இதுவே. அக்கணக்கில் பணமும் சேரும். 2022 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஹீமோபிலியா பி மரபணு மருந்தின் விலை 35 இலட்சம் டாலர். நம் பணத்தில் 28 கோடி ரூபாய்க்கு மேல். அந்தத் தொகையில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆண்டுகள் ஃபேக்டர் ஊசி போடலாம் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உள்நாட்டில் குறைந்த செலவில் இச்சிகிச்சையை உருவாக்கும் முயற்சிகளை நாங்கள் வரவேற்பது இதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஆபத்தும் உண்டு. பலரின் நலத்துக்காக ஒருவரைப் பலியிடலாம் என்று அது எளிதில் சொல்லிவிடக்கூடும். 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வொன்றில் சேர்ந்த ஜெஸ்ஸி ஜெல்சிங்கர், மரபணு ஏற்றிய வைரஸ் செலுத்தப்பட்ட நான்காம் நாள் இறந்தார். வயது 18. அவருடைய கல்லீரல் குறைபாடு உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் ஓரளவு அடங்கியிருந்தது. அவ்வாய்வால் தமக்குப் பயனில்லை என்று தெரிந்தும், அதே நோயின் கடும் வடிவத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதவும் என்றே அவர் முன்வந்தார். ஆனால் ஆபத்துகள் அவருக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இத்துறையின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை குலைந்தது. அந்த இழப்பையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், தமக்கு நரகம் வாய்த்தாலும் பலர் உய்யட்டும் என்று திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறித் திருமந்திரத்தை உரைத்ததாக மரபு கூறுகிறது. இன்னது நேரும் என்று அறிந்து, தாமே முடிவு செய்து ஏறினார்; வேறொருவரை ஏற்றிவிடவில்லை. ஆய்வுக்கு ஒப்புதல் கேட்கும்போது எங்கள் நினைவில் இருப்பதும் இந்த வேறுபாடே.

கருவில் இருக்கும் உயிரிடம் அவ்வாறு கேட்க வழியில்லை. 2018 நவம்பரில் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், எச்.ஐ.வி. தொற்றாத குழந்தைகளை உருவாக்கும் நோக்கில் கருமுட்டை நிலையிலேயே மரபணுவைத் திருத்தி, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். தந்தையிடமிருந்து தொற்று பரவாமல் தடுக்க எளிய வழிகள் முன்பே இருந்தன. ஆகவே கிடைத்த நன்மை சொற்பம். தவறு நேர்ந்திருந்தால் அது வழிவழியாகத் தொடரும். அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் மரபுவழி தொடரும் இத்தகைய மாற்றத்துக்கு அனுமதி தரவில்லை. இப்போதைக்கு அதுவே சரி என்பது எங்கள் கருத்து.

அந்தத் தாயிடம் நிலத்தை விற்க வேண்டாம் என்றோம். முறையான ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள். கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வேலூர் முறையில் செல்களைத் திரும்பச் செலுத்துமுன் வலுவான மருந்துகளால் எலும்பு மஜ்ஜையை ஒடுக்க வேண்டும். அதனால் பின்னாளில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். பதினாறு வயதுப் பையன் இதைப் பதினெட்டுக்குப் பின் தானே எண்ணி முடிவு செய்வது நல்லது. அதுவரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் ஃபேக்டரைத் தவறாமல் போட்டுக்கொண்டு, இயன்முறைப் பயிற்சியால் முழங்காலைக் காக்க வேண்டும்.

பேச்சின் முடிவில்தான் வீட்டில் பத்தொன்பது வயது மகளும் இருப்பதைத் தாய் சொன்னார். வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்களாம். தாய் இக்குறையைச் சுமப்பவராயின், மகளும் சுமப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. காரணியின் அளவு இயல்பாக இருந்தாலும் சுமப்பவராக இருக்கலாம். எனவே முதலில் தம்பியின் மரபணுப் பழுது எதுவெனக் கண்டறிந்து, பிறகு அதே பழுது அக்காளிடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் பிரசவத்தின்போது தாய்க்கும் சேய்க்கும் தக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். அடுத்த மாதம் தம்பியின் ஊசி நாளன்று மகளையும் அழைத்து வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.