கென்யா பயணத்துக்கு ஒரு எக்ஸெல் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல்லைத் திறந்து, கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இது ஆபீஸ்காரர்கள் சமாசாரம் என்று மூடிவிடுகிறார்கள். மளிகைக் கணக்கு எழுதிப் பழகுங்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். மளிகைக் கணக்கில் தப்பு வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அதனாலேயே இரண்டாம் வாரம் விட்டுவிடுவோம். தப்பு வந்தால் உண்மையிலேயே வலிக்கக்கூடிய ஒரு கணக்கை இந்த மாதம் போட்டுப் பார்ப்போம்.

நான்கு பேர் குடும்பம். சிங்கம், யானை, காண்டாமிருகம் பார்க்க கென்யாவுக்கு ஒரு வாரப் பயணம். 2024 ஆகஸ்டில் அப்பா, அம்மா, தங்கையை அழைத்துப் போவதற்காக நான் போட்ட ஷீட்டைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன். அதில் நான் விட்ட பிழையும் பாடத்தில் உண்டு.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதே பார்முலாக்கள் வேலை செய்யும். இங்கே பார்முலாக்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் டைப் செய்யும்போது செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் கொடுங்கள்.

முதலில் மாதம்

புதிய பைல் ஒன்றைத் திறந்து, கீழே உள்ள ஷீட் பெயரில் இரண்டு முறை கிளிக் செய்து 'மாதம்' என்று பெயர் கொடுங்கள். ஏ வரிசையில் ஜனவரி முதல் டிசம்பர் வரை வேண்டும். பன்னிரண்டையும் டைப் செய்ய வேண்டாம். 'ஜனவரி' என்று ஆங்கிலத்தில் அடித்து, அந்த செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற மாதங்கள் தாமாக நிரம்பும்.

பி வரிசையில் மழை. கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை சிறுமழை. சி வரிசையில் விலங்குகள். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கான காட்டுமாடுகள் புல்லைத் தேடி மசாய் மாராவுக்குள் வருவது ஏறத்தாழ ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. டி வரிசையில் நம் வீட்டு விடுமுறை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த உடனே ஒரு விஷயம் தெரியும். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பெரிய விடுமுறை ஏப்ரல், மே. அங்கே கொட்டும் மழையும் அதே ஏப்ரல், மே. மாராவின் கரிசல் மண் நனைந்தால் ஜீப் சக்கரம் புதைந்துவிடும். 'கோடைச் சிறப்புச் சலுகை' என்று யாராவது விலை குறைத்துச் சொன்னால், குறைந்ததன் காரணம் இதுவாக இருக்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை நல்ல இடைவெளி. கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டும் என்றில்லாதவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியும் வறண்ட மாதங்களே. ஆற்றைக் கடப்பதை இன்ன தேதியில் காட்டுகிறேன் என்று எவராலும் வாக்குக் கொடுக்க முடியாது. விலங்குகள் கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு.

கிலோமீட்டர் அல்ல, மணி நேரம்

இரண்டாவது ஷீட்டுக்கு 'பாதை' என்று பெயர். கூகுள் மேப்ஸில் நைரோபியிலிருந்து மசாய் மாராவின் செகெனானி வாசலுக்கு வழி கேளுங்கள். அடுத்து நைரோபியிலிருந்து அம்போசெலி. இரண்டுமே ஏறக்குறைய 230 கி.மீ. மூன்றாவதாக நாங்கள் போட்டது நகுரு ஏரி, சுமார் 160 கி.மீ. சென்னை–திருச்சி நாற்கரச் சாலை வேகத்தை இங்கே போட்டுவிடாதீர்கள். மாராவுக்கும் அம்போசெலிக்கும் தலா ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். இதிலுள்ள சிக்கல், மாரா நைரோபிக்கு மேற்கே, அம்போசெலி தென்கிழக்கே. ஒன்றிலிருந்து மற்றதற்கு ரோட்டில் போவதென்றால் ஒரு பகல் முழுதும் போய்விடும்.

கிலோமீட்டருக்கு ஒரு வரிசையும் மணி நேரத்துக்கு ஒரு வரிசையும் போடுங்கள். மணி நேர வரிசையின் கடைசியில் 'ஆட்டோசம்' பட்டனை அழுத்துங்கள். எங்கள் முதல் திட்டத்தில் ஏழு நாளில் ஐந்து பூங்கா இருந்தது. கூட்டிப் பார்த்தால் பகல் பொழுதில் பாதிக்கு மேல் வண்டியில். அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெட்ராஸ்லயே டாக்சி எடுத்துச் சுத்தலாமே" என்றார். இரண்டு பூங்காவை நீக்கினோம்.

இந்த வரிசை பாதுகாப்புக்கும் உதவும். பொழுது சாய்ந்த பிறகு அந்த நெடுஞ்சாலைகளில் போகாமல் இருப்பது நல்லது. கென்யா பூமத்திய ரேகை மீது இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை, ஆறே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். கிளம்பும் நேரத்தோடு மணி நேரத்தைக் கூட்டினால் ஐந்தைத் தாண்டுகிறதா? காலையில் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள்.

காட்சிக்காக ஒரு யோசனை. அம்போசெலியில் யானைக் கூட்டத்துக்குப் பின்னால் கிளிமஞ்சாரோ நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மலை (5,895 மீட்டர்) எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் இருக்கிறது. பகலில் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். விடியற்காலையிலும் மாலையிலும்தான் தெரிய வாய்ப்பு அதிகம். அதனால் அங்கே ஒரு இரவு தங்கினால் ஒரே ஒரு விடியல்தான் கிடைக்கும். இரண்டு இரவு போடுங்கள். கூகுள் எர்த்தில் அம்போசெலிக்குப் போய் பார்வையைச் சாய்த்து, தெற்கே திருப்பினால் மலை எந்தப் பக்கம் தெரியும் என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

டாலர் குறியின் வேலை

மூன்றாவது ஷீட் 'செலவு'. பி1 செல்லில் ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று போடுங்கள். கணக்குக்காக 90 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வரியில் தலைப்புகள்: ஏ3-யில் இனம், பி3-யில் டாலர், சி3-யில் ஆட்கள், டி3-யில் நாட்கள், ஈ3-யில் மொத்த டாலர், எப்3-யில் ரூபாய்.

நான்காம் வரியில் மாரா நுழைவுக் கட்டணம். இது வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024-ல் உயர்த்தப்பட்டது. நான்கு பேர், இரண்டு நாள். ஈ4-ல் =பி4*சி4*டி4 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 1,600 வரும். எப்4-ல் =ஈ4*பி1 என்று கொடுத்தால் ரூ. 1,44,000. சரிதான்.

இப்போது எப்4-ஐக் கீழே இழுத்து மற்ற வரிகளுக்கும் காப்பி செய்யுங்கள். எப்5-ல் பூஜ்யம் வரும். எப்6-ல் வேல்யூ என்று ஒரு பிழைச் செய்தி வரும். காரணம், கீழே ஒரு வரி இறங்கும்போது பி1 என்பதும் பி2 ஆகிவிடுகிறது. பி2 காலி. அதற்கடுத்த பி3-ல் இருப்பதோ எழுத்து. பி1-ஐ நகராமல் ஆணி அடித்து வைக்க வேண்டும் என்றால் =ஈ4*$பி$1 என்று டாலர் குறி போடுங்கள். இதற்கும் அமெரிக்கப் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. நாளை டாலர் விலை ஏறினால் பி1-ஐ மட்டும் மாற்றினால் போதும்.

பி4-ல் 200-ஐ அழித்து 100 போட்டுப் பாருங்கள். ரூ. 72,000. ஜூன் கடைசியில் போனால் இவ்வளவு மிச்சம். பெருமழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும். சிங்கமும் யானையும் எப்போதும் அங்கேயே இருப்பவை. காட்டுமாடுக் கூட்டத்தை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. அது அந்த விலைக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் கொடுத்தோம்.

தேதியில் நான் விட்ட கோட்டை

நான்காவது ஷீட்டுக்குத்தான் இந்தக் கட்டுரையே. பெயர் 'தேதி'.

மஞ்சள் காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. நாம் சொல்லும் மஞ்சள் காமாலை அல்ல. கொசுவால் பரவும் வேறு நோய். இது பரவும் நாடுகளின் பட்டியலில் கென்யாவை இந்திய அரசு வைத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா இந்தத் தடுப்பூசிச் சான்றிதழைக் கட்டாயம் என்று கேட்பதில்லை. அதனால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வில்லங்கம் திரும்பும்போது வருகிறது. சான்றிதழ் இல்லாமல் சென்னை விமான நிலையத்தில் இறங்கினால் 6 நாட்கள் வரை தனிமையில் வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நினைத்த நாளில் இடம் கிடைக்காமல் போகலாம். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டாக வேண்டும். அப்பாவுக்கு அப்போது 62.

எனவே 30 நாள் இடைவெளி வைத்தேன். பி1-ல் கிளம்பும் நாள் 10/08/2024 என்று அடித்தேன். பி3-ல் ஊசிக்குக் கடைசி நாள், =பி1-30. கிடைத்த விடை 09/08/2024. நான் கவனிக்கவில்லை. தினமும் சாப்ட்வேர் எழுதுகிறவன், ஒரு கழித்தல் கணக்கைப் போய்ச் சரிபார்ப்பேனா? பின்னால் நின்ற அம்மாதான் கேட்டாள்: "பத்து நாள் கழிச்சுத்தான் செல்லும்னே. முந்தின நாள் போட்டுக்கிட்டா எப்படிடா?"

நடந்தது இதுதான். என் லேப்டாப் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. எனவே நான் அடித்த ஆகஸ்ட் 10-ஐ அது அக்டோபர் 8 என்று எடுத்துக்கொண்டது. அதில் 30 போனால் செப்டம்பர் 8. அதை அமெரிக்க முறையில் 09/08 என்று காட்டியது. உண்மையான கடைசி நாள் ஜூலை 11. எங்களுக்குக் கையில் இருந்தது எட்டு நாள். டாக்டரைப் பார்த்து, அலைந்து, போட்டுவிட்டோம்.

உங்களுக்கு இது வராமல் இருக்க, விண்டோஸ் செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய், 'ரீஜனல் பார்மட்' என்ற இடத்தில் 'இங்கிலீஷ் (இந்தியா)' தேர்ந்தெடுங்கள். இன்னொரு சுலப வழி, தேதியை அடிக்கும்போது மாதத்தை எழுத்தில் அடிப்பது: 10, சிறு கோடு, ஆகஸ்டின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, சிறு கோடு, 2024. குழப்பத்துக்கே இடமில்லை. தேதியை எக்ஸெல் தேதியாகப் புரிந்துகொண்டதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புரிந்துகொண்டால் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும். இடது ஓரத்தில் நின்றால் வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது. அமெரிக்க அமைப்பில் 25/08/2024 என்று அடித்தால் இப்படித்தான் ஆகும். 25-ஆவது மாதம் கிடையாதே!

இனி மற்ற வரிகளைச் சேருங்கள். பாஸ்போர்ட் கென்யாவில் இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்ல வேண்டும்: =இடேட்(பி1,6). விடை 45698 என்று ஏதோ எண்ணாக வந்தால் பயப்படாதீர்கள். எக்ஸெல் தேதிகளை 1900-லிருந்து நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. செல்லில் ரைட் கிளிக் செய்து 'பார்மட் செல்ஸ்' போய் 'டேட்' கொடுத்தால் 2025 பிப்ரவரி 10 என்று தெரியும். மலேரியாவுக்கு டாக்டர் மாத்திரை எழுதினால் அதற்கு இரண்டு வரி வேண்டும், தொடங்கும் நாளும் முடியும் நாளும். மருந்தைப் பொறுத்து, ஊர் திரும்பிய பிறகு நான்கு வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். சி வரிசையில் =பி3-டுடே() என்று கொடுத்தால் இன்னும் எத்தனை நாள் என்று தினமும் தானாகக் குறைந்துகொண்டே வரும். எண்ணுக்குப் பதில் 1900-ஆம் வருடத் தேதி தெரிந்தால் பார்மட்டை 'நம்பர்' ஆக்குங்கள்.

முகவரியின் வால்

2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா இல்லை. பதிலாக இடிஏ எனப்படும் மின்னணு அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். தேடுபொறியில் 'கென்யா விசா' என்று தேடினால் மேலே வருபவை பல நேரம் விளம்பரங்கள். அரசுத் தளம் போலவே கொடியும் முத்திரையும் வைத்து, அரசுக் கட்டணத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு வாங்குகிற இடைத்தரகர்கள் உண்டு. உங்கள் பாஸ்போர்ட் நகலும் அவர்கள் கைக்குப் போகும்.

கண்டுபிடிக்க பிரவுசரின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியின் கடைசி எழுத்துகள்தான் முக்கியம். கென்ய அரசுத் தளம் ஜி, ஓ, புள்ளி, கே, ஈ என்று முடியும். இந்திய அரசுத் தளம் ஜி, ஓ, வி, புள்ளி, ஐ, என். முன்னால் 'கென்யா' என்றும் 'கவர்மென்ட்' என்றும் யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். வாலை மாற்ற முடியாது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது தகவல் வழியில் திருடு போகாது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை அது சொல்லாது.

அனுமதி வந்ததும் பிரிண்ட் கட்டளையில் பிடிஎப் ஆகச் சேமித்து, தடுப்பூசிச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஸ்கேன், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போடுங்கள். உங்களுக்கே ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள். நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் போல்டரும் தொலைந்தது போலத்தான்.

பெட்டி கட்டும்போது ஒன்று. கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக் 2017 ஆகஸ்டிலிருந்து தடை. அம்மா முறுக்கையும் ஊறுகாயையும் கட்டிவைத்திருந்த கவர்களைக் கடைசி இரவு பிரித்துத் துணிப்பைக்கும் டப்பாவுக்கும் மாற்றினோம்.

திரும்பி வந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவீர்கள். நகுருவில் காண்டாமிருகம் கிடைத்திருந்தால் அதை உடனே எல்லோருக்கும் அனுப்பத் தோன்றும். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும். கொம்புக்காகக் கொல்கிறவர்களுக்கு அதுதான் தேவை. படத்தில் ரைட் கிளிக், 'பிராபர்ட்டீஸ்', 'டீட்டெயில்ஸ்'. அடியில் 'ரிமூவ் பிராபர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதைக் கிளிக் செய்தால் இடக்குறிப்பு நீங்கிய காப்பி ஒன்று கிடைக்கும். அந்தக் காப்பியை அனுப்புங்கள்.