காப்பர் டி: ஏழாம் மாதத்திலேயே பேசிவிடுங்கள்

“இப்ப எதுக்கு டாக்டர்? அஞ்சு மாசம் அம்மா வீட்லதானே இருக்கப் போறேன்!”

தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்களிடம் கருத்தடை பற்றிப் பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வரும். அம்மா வீட்டிலிருந்து திரும்பிய கையோடு மறுபடியும் கருத்தரித்து வருபவர்களைப் பார்ப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. “பால் கொடுக்கிறேன், இன்னும் தலைக்குக் குளிக்கவே இல்லையே” என்பார்கள். மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே சினைமுட்டை வந்துவிடலாம். தாய்ப்பாலை நம்பலாம்தான், ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமலும், இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தும், மாதவிலக்கு வராமலும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த இடைவெளிக்கு ஒரு வழி, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி. ஆனால் பிரசவத்தோடு அதைப் போட்டுக்கொள்ள நேரம் மிகக் குறைவு. நஞ்சுக்கொடி வெளிவந்த 10 நிமிடத்துக்குள் போடுவது நல்லது. சிசேரியன் என்றால் தையல் போடுமுன் அதே திறப்பு வழியாகவே வைத்துவிடலாம். தவறினால் 48 மணி நேரம் வரை போடலாம். அதையும் விட்டால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருந்தாலும், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலும், உதிரப்போக்கு நிற்காவிட்டாலும் அப்போதைக்குப் போட மாட்டோம்.

காப்பர் டியில் 380ஏ வகை 10 ஆண்டும், 375 வகை 5 ஆண்டும் வேலை செய்யும். இதில் ஹார்மோன் கிடையாது, பால் வற்றாது. எடுத்தவுடன் கருத்தரிக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்தோடு போட்டது, பிறகு போடுவதைவிடத் தானாக நழுவி விழ வாய்ப்பு அதிகம். விழுந்தது தெரியாமலே இருப்பவர்களும் உண்டு. அதனால் ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். முதல் சில மாதம் மாதவிலக்கில் போக்கும் வலியும் கூடலாம். துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், காய்ச்சல், தீராத அடிவயிற்று வலி இருந்தால் உடனே வாருங்கள்.

காப்பர் டி பிடிக்காதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி இருக்கிறது. பால் கொடுப்பவர்கள் ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இடுப்பு வலியில் துடிப்பவரிடம் காகிதத்தை நீட்டி வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஏற்பதில்லை. ஏழாம் மாதச் செக்கப்பிலேயே கேளுங்கள், கணவரையும் கூட்டி வாருங்கள். ஆனால் முடிவு உங்களுடையது, அவர் கையெழுத்து தேவையில்லை. வேண்டும் என்றால் தாய்சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது காப்பர் டி போட்டார்களா, எந்த வகை என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவ அறைக்குள் போகும்போது மனம் மாறினாலும் வேண்டாம் என்று சொல்லலாம். போட்ட பிறகு எந்த நாளிலும் எடுத்துவிடச் சொல்லலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.