அக்கா கையெழுத்து இல்லாத வீடு: கொடுத்த அட்வான்ஸ் என்ன ஆகும்?

கேள்வி: நானும் கணவரும் சீட்டுக் கட்டியும் ஆர்.டி. போட்டும் 14 லட்சம் ரூபாய் சேர்த்தோம். 48 லட்சத்துக்கு ஒரு தனி வீடு பேசி, 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம். 3 லட்சம் வங்கி மூலம், 1 லட்சம் ரொக்கம். புரோக்கர் சொன்னபடி முத்திரைத்தாளில் அக்ரிமென்ட் எழுதினோம், பதிவு செய்யவில்லை. மூன்று மாதக் கெடு. அதற்குள் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று எழுதியிருக்கிறது. இப்போது வங்கி கடன் தர மறுக்கிறது. வீடு, விற்பவருடைய அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் இறந்தார், அம்மாவும் இல்லை. அண்ணன் தம்பி இருவரும் பாகப்பிரிவினை எழுதிக்கொண்டார்கள், அதில் அக்கா கையெழுத்து இல்லை என்கிறார் வங்கி வக்கீல். "அக்காவுக்கு நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாச்சு, அவங்க ஒண்ணும் கேட்கமாட்டாங்க, வேற பேங்க் பாருங்க" என்கிறார் விற்பவர். கெடு முடிய 20 நாள் இருக்கிறது. எங்கள் பணம் வருமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த 20 நாளைச் சும்மா கழித்துவிடாதீர்கள்.

விற்பவர் இந்து என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். பெண்களுக்குச் சொத்து என்றாலே எல்லாரும் 2005 திருத்தத்தைச் சொல்வார்கள். அது பூர்வீகச் சொத்து பற்றியது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவும் இல்லாததால், பிள்ளைகள் இந்த மூவர்தான் என்றால், அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அக்காவுடையது. கல்யாணச் சீர் அந்தப் பங்கை அழிக்காது. வங்கி வக்கீல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார் என்றும் சொல்லலாம்.

வேறு பேங்க் பார்க்கும் யோசனையை விடுங்கள். கூடுதல் வட்டிக்கு, பத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்துக் கடன் தருகிறவர்கள் எங்காவது இருக்கலாம். அப்போதும் அக்காவின் பங்கு அங்கேயே இருக்கும். நாளைக்கு அவரோ அவர் பிள்ளைகளோ பாக வழக்குப் போட்டால் நீங்கள் பிரதிவாதி, மாதத் தவணையும் உங்கள் தலையில். நாலைந்து இடத்தில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அக்கா தன் பங்குக்கு, விற்பவரான தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். அதைவிட எளிது, உங்கள் கிரயப் பத்திரத்திலேயே அவரும் விற்பவர்களில் ஒருவராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவது. பாதி வீடுகளில் அக்காவிடம் யாரும் முறையாகக் கேட்டிருக்கவே மாட்டார்கள். அவர் பணம் எதிர்பார்த்தால் அது அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. உங்கள் 48 லட்சத்தை ஏற்றாதீர்கள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்கி, வேறு வாரிசு யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இதற்கு நாள் பிடிக்கும் என்றால் கெடுவை நீட்டித்து, அக்ரிமென்டின் பின்பக்கம் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது.

விற்பவர் மசியவில்லை என்றால் கெடு முடிவதற்கு முன்பே ஒரு வக்கீல் நோட்டீஸ், ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு போகட்டும். நாங்கள் கிரயம் முடிக்கத் தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறோம், உரிமை மூலத்தில் இந்தக் குறை இருக்கிறது, இத்தனை நாளுக்குள் தீர்த்துக் கொடுங்கள், முடியாவிட்டால் 4 லட்சத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அதில் இருக்க வேண்டும். கூடவே, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரும்படி வங்கியிடம் கேளுங்கள். கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்குக்கு அந்த ஒரு தாள்தான் உயிர்.

ஏனென்றால், உங்கள் சம்பளம் போதாமல் கடன் மறுக்கப்பட்டிருந்தால் விஷயமே வேறு. அது விற்பவர் தப்பில்லை; அட்வான்ஸில் நியாயமான ஒரு பகுதியையாவது அவர் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரும். உங்கள் விஷயத்தில் குறை அவர் பக்கம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, உரிமையில் இருக்கும் முக்கியமான குறையை விற்பவர்தான் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். கிரயம் உங்கள் தவறில்லாமல் முறிந்தால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தில் அவருக்குள்ள பங்கின் மேலேயே உங்களுக்குப் பொறுப்புரிமை, அதாவது அதிலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமை, உண்டு. பறிமுதல் வாசகத்தைக் காட்டி அவர் தப்பிக்க முடியாது.

அக்ரிமென்ட் பதிவாகவில்லையே என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பது உண்மை. ஆனாலும் பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் கொடுத்ததைக் காட்ட வங்கிக் கணக்கும் இருக்கிறது. அந்த 1 லட்சம் ரொக்கம்தான் இடறும். சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். அக்ரிமென்டில் அந்தத் தொகை எழுதியிருந்தால் உங்களுக்குச் சிக்கல் குறைவு. எழுதாமல் விட்டிருந்தால், "ரொக்கம் 1 லட்சம் உட்பட" என்று நோட்டீஸில் தவறாமல் குறிப்பிடுங்கள். வழக்கு என்று போனால் மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இந்த வீட்டைக் கிரயம் செய்து தா என்று கேட்டு வழக்குப் போட நான் சொல்லமாட்டேன். பணத்தை வட்டியோடு கேளுங்கள். ஒருவேளை கிரயம்தான் கேட்பீர்கள் என்றால், மாற்றுப் பரிகாரமாக அட்வான்ஸையும் பிராதிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தராது.

அடுத்த வீட்டுக்கு வருகிறேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டி வங்கி தரக் கூடாது. 48 லட்சத்துக்கு உங்கள் பங்கு 9.60 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் 4.32 லட்சம், இதை வங்கி மதிப்பில் சேர்க்காது. மொத்தம் 13.92 லட்சம். லீகல் ஒப்பீனியன், மதிப்பீடு, பிராசசிங் கட்டணம், பத்திரத்தை அடமானம் வைக்கும் பதிவுச் செலவு எல்லாவற்றுக்கும் உங்கள் 14 லட்சத்தில் மிஞ்சியிருக்கக்கூடியது 8,000 ரூபாய்! 43 லட்சத்துக்குள் தேடுங்கள், மூச்சுவிட ஒன்றரை லட்சம் இருக்கும். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடலாம் என்று விற்பவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 35 லட்சம் என்று காட்டினால் வங்கியும் அதற்கேற்பக் கடனைக் குறைத்துவிடும். மிச்சத்துக்கு எங்கே போவீர்கள்? பெண் என்பதால் உங்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறையும் என்பதும் 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான்.

முன்பணம் கொடுக்கும் முன்பே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி நகல்களை வாங்கி வங்கி வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அக்ரிமென்டில் இப்படி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: "மேற்படி சொத்தின் பேரில் வங்கிக் கடன் எக்காரணத்தினாலும் மஞ்சூர் ஆகாத பட்சத்தில், நம்மில் முதல் நபர் தான் பெற்ற முன்பணம் முழுவதையும் 15 தினங்களுக்குள் யாதொரு பிடித்தமுமின்றி இரண்டாம் நபருக்குத் திருப்பிச் செலுத்த வேண்டியது." எழுதியதும் பதிவு செய்துவிடுங்கள், அப்போதுதான் வில்லங்கச் சான்றில் ஏறும், விற்பவர் இன்னொருவரிடம் கைநீட்டி அட்வான்ஸ் வாங்கவும் யோசிப்பார்.