வீட்டலங்காரத்தில் பழமையும் புதுமையும்

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தின் பெயர், 1992ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்திற்குப் பின் வெளியூரார் பலருக்கும் அறிமுகமாயிற்று. சூரியகாந்தி பூக்கும் காலத்தில் வயலைப் படம் பிடிக்க வருவோர் வயலோடு நின்றுவிடுவதில்லை. தெருவுக்குள்ளும் வந்து, ஓட்டுக் கூரையும் திண்ணையும் மரத்தூணும் உள்ள வீடுகளைக் கண்டு வியந்து செல்கின்றனர். அவர்கள் வியக்கும் அத்தகைய வீட்டை எப்போது இடித்துக் கட்டலாம் என்று, அதில் குடியிருப்பவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. இருவரிடத்தும் நியாயம் இருக்கிறது. மழை நாளில் ஒழுகும் ஓட்டைப் படம் பிடிப்பவர் அறியார். அந்த ஓடு தரும் குளிர்ச்சியின் அருமையைக் கான்கிரீட் கூரையின் கீழ் ஒரு சித்திரை மாதம் படுத்தெழுந்த பின்னரே குடியிருப்பவர் அறிவார். பழைய வீட்டை முற்றும் ஒழிக்காமலும் புதிய வசதிகளை இழக்காமலும் இல்லத்தைச் செப்பஞ்செய்வது எவ்வாறு என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பழமை என்று நாம் போற்றும் பொருள்களில் பல ஒரு காலத்தில் புதுமையாக வந்தவையே. மங்களூர் ஓடு நம் முன்னோர் அறிந்ததன்று. பாசல் மிஷனைச் சேர்ந்தோர் 1865ஆம் ஆண்டில் மங்களூரில் தொழிற்சாலை அமைத்த பின்னரே அது நாடெங்கும் பரவிற்று. செட்டிநாட்டு மாளிகைகளோ பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியக் கண்ணாடியும், நம் நாட்டுச் சுண்ணாம்புச் சாந்தும் ஒன்றுகூடியவை. ஆயினும் அவற்றைக் கண்டு ஒட்டுவேலை என்று எவரும் சொல்வதில்லை. முற்றமும் வளவும் தம் இடத்தில் நிலைத்திருக்க, வந்த பொருள்கள் அவற்றுக்கு அடங்கி நின்றதே காரணம். ஆகவே ஒரு பொருள் பழையதா புதியதா என்பதை விட, காற்று, வெளிச்சம், ஈரம், துப்புரவு ஆகிய நான்கிலும் அது நமக்கு என்ன உதவி செய்கிறது என்று கேட்பதே முறை.

நமது பகுதியின் இயல்பை முதலில் கருதுவோம். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, ஆனி முதல் ஆவணி வரை சாரலைக் கொண்டுவருகிறது. மற்ற மாதங்களில் வெயிலுக்குக் குறைவில்லை. தாழ்ந்த கூரை இறவாணம் சுவரைச் சாரலினின்று காக்கிறது; முற்றம் சூடான காற்றை மேலே போக்குகிறது; திண்ணை தெருப் புழுதியை வாயிலிலேயே தடுக்கிறது. திண்ணையை இடித்து அவ்விடத்தில் இரும்புக் கதவு போட்ட வீடுகளில் வெயில் நேரே பட்டாசாலைக்குள் இறங்குவதை எவரும் காணலாம். முற்றத்தை அடைத்தே தீரவேண்டுமாயின், கான்கிரீட் மூடி போடாமல், மேலே கண்ணாடியும் பக்கங்களில் காற்றுப் போகும் வழியும் அமைப்பது தக்கது.

புதிதாகக் கட்டுவோருக்கும் ஒரு வழியுண்டு. திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் மங்களூர் ஓடுகளைப் பதித்து வார்க்கும் முறையைப் பரப்பினார். கூரையின் கீழ்ப்பாகத்தில் கான்கிரீட்டினால் பெரும்பயன் இல்லை. இழுவிசையைத் தாங்குவது கம்பியே. எனவே கம்பிகளுக்கு இடையே ஓட்டை வைத்தால் சிமெண்டு மிச்சமாகும். பாரம் குறைவதால் கம்பியும் குறையும். இரண்டு ஓடுகளுக்கு நடுவே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். கீழிருந்து நோக்கினால் சிவந்த ஓடுகளின் வரிசையே அலங்காரமாகிவிடும். இவ்வேலையைப் பயின்ற பொறியாளர் மேற்பார்வையில் மட்டுமே செய்விக்க வேண்டும்.

சுவர் விஷயத்தில் பலர் வீண் செலவு செய்கின்றனர். சுண்ணாம்புச் சாந்தினால் எழுப்பிய பழைய சுவர், உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளிவிடும் தன்மையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் எண்ணெய் வண்ணமும் ஏற்றினால் ஈரம் உள்ளே சிக்கி, வண்ணம் கொப்புளித்து உதிரும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே போதும். அடுக்களையிலும் குளியலறையிலும் நிலைமை வேறு. அங்கே புகை போக்கியும், நின்று சமைக்கும் மேடையும், கழுவ எளிதான ஓடு பதித்த சுவரும் தயங்காமல் அமைக்கத்தக்கவை. குனிந்தே வேலை செய்து முதுகு வளைந்த நம் வீட்டுப் பெண்டிர், பழமை காக்கப்பட வேண்டும் என்பதற்காக இன்னும் குனிய வேண்டியதில்லை.

இனித் தரைக்கும் அறைக்கும் வேண்டிய பொருள்கள். இவ்விடத்தில் அங்கத்தினர்களாகிய நமக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. நெய்பவர் வீட்டில் நெகிழிப் பாயும், பயிரிடுபவர் வீட்டில் நெகிழிக் கூடையும் கிடந்தால், வெளியூரார் நம் சரக்கை வாங்கவேண்டுமென்று கேட்பதில் என்ன வலு இருக்கும்?

அம்பாசமுத்திரம் வழியாக நெல்லைக்குச் செல்லும் சாலையில் உள்ள பத்தமடையில் நெய்யப்படும் கோரைப்பாய் புவிசார் குறியீடு பெற்றது. கோரையை வெட்டி, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திய பின்னரே நெசவுக்கு எடுக்கின்றனர். பாவு பருத்தி நூல், ஊடை கோரை. மிக மெல்லிய பட்டுப்பாயைத் துணியைப் போல் மடித்துவிடலாம். அதை முடிக்க வாரங்கள் பல செல்லும். விலை கூடுவது அந்த உழைப்பினால்தான். அன்றாட உபயோகத்திற்குச் சாதாரணப் பாயும், பட்டாசாலையின் சுவருக்கோ நீண்ட பலகை இருக்கைக்கோ நேர்த்தியான பாயும் வாங்குவது சிக்கனம். பாயில் ஓரத்து வண்ணக் கோடுகளே அழகாதலால், அதன்மேல் வேறு விரிப்பிட்டு மறைக்கலாகாது. சாரல் காலத்தில் வெறுஞ் சிமெண்டுத் தரையில் விரித்தே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் கண்ட நாளில் உலர்த்திச் சுருட்டி நிறுத்த வேண்டும்.

கனத்த விரிப்பு வேண்டுவோர் ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமுக்காளத்தை நாடலாம். அகலமான ஜமுக்காளத்தைத் தறியில் இருவர் அமர்ந்து நாடாவை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி நெய்கின்றனர். ஜமுக்காளம் கைத்தறிக்கென 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒதுக்கப்பட்ட இரகங்களுள் ஒன்று. எனினும் விசைத்தறிச் சரக்கு கைத்தறியின் பெயரில் விற்கப்படுவது எங்கும் கேட்கும் முறையீடு. 2006ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குதல் நலம். சிவப்பும் நீலமும் பச்சையும் பட்டையாய் ஓடும் விரிப்பைப் போட்ட அறையில் சுவரும் திரையும் ஒரே வெளிர் நிறமாய் இருக்கட்டும். எல்லாம் பேசினால் எதுவும் கேளாது.

திரைச்சீலைக்குக் கைத்தறிப் பருத்தியை விடத் தகுந்தது நம் பகுதிக்கு இல்லை. சன்னலின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கிற்குக் குறையாமல் துணி எடுத்தால்தான் மடிப்பு அழகாக விழும். பருத்தி முதல் சலவையில் சுருங்குமாதலால், நனைத்து உலர்த்திய பின்னரே தைக்கக் கொடுக்க வேண்டும். தையற்காரர் அவசரப்படுத்துவார், நாம் விட்டுக்கொடுக்கலாகாது.

பழம்பொருள் மோகத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டை இடிக்கும்போது நிலைக்கதவையும் தூணையும் விறகு விலைக்குக் கேட்டு வருவோர், அவற்றைப் பட்டணத்தில் என்ன விலைக்கு விற்கின்றனர் என்பதை விசாரித்தறிந்த பின் பேரம் பேசுதல் வேண்டும். விற்காமல் புதிய வீட்டு வாயிலுக்கே அந்நிலையைப் பொருத்துவது அதனினும் நன்று. தச்சரிடம் அளவைக் கொடுத்த பின்னரே சுவர் எழுப்ப வேண்டும், சுவர் எழுந்த பின் நிலையை அறுப்பதன்று. மற்றொரு புறம், உரலையும் ஆட்டுக்கல்லையும் வண்டிச் சக்கரத்தையும் வரவேற்பறையில் அடுக்கி நடக்க இடமில்லாமல் செய்வதும் அலங்காரமாகாது. வெண்கல உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவோர் நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். தவறினால் அது கொசு வளர்க்கும் தொட்டியாகும்.

பாய், விரிப்பு, திரை முதலியவற்றைச் சங்கத்தின் வாயிலாக அளவு கொடுத்து நெய்விக்க எண்ணுவோர், அறையின் நீள அகலத்தைக் கதவு திறக்கும் இடத்தையும் தூண் நிற்கும் இடத்தையும் கழித்து அங்குலக் கணக்கில் குறித்துக் கொணர்க. வண்ணத்தை வாயால் சொல்லாமல், வேண்டிய நிறத்தின் நூல் துண்டொன்றைச் சீட்டோடு இணைத்தல் வேண்டும். கோரை உலர வெயில் தேவையாதலால், பாய்க்குரிய ஆர்டரைச் சாரல் தொடங்குவதற்கு முன் பங்குனிக்குள் கொடுத்துவிடுவது நல்லது. முன்பணம் செலுத்தும்போது அளவுச் சீட்டின் நகலொன்றைக் கையில் வாங்கிக்கொள்க.