மறதிநோய்ப் பராமரிப்பு: கைப்பேசிப் பாடமும் வீட்டுப் பாடமும்

மறதிநோயால் பாதிக்கப்பட்ட தந்தையைக் கவனித்துக்கொள்ள வீட்டில் ஒரு பெண் பணியாளரை அமர்த்தியிருந்த மகள், வெளிநோயாளர் பிரிவில் என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். "டாக்டர், எல்லாவற்றையும் செல்போனில் பார்த்துப் படித்ததாக அந்தப் பெண் சொல்கிறார். அதை நம்பி அப்பாவை விடலாமா?" பல குடும்பங்களின் மனத்தில் உள்ள கேள்வி இது.

இணையவழிப் பயிற்சி ஏன்?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கு மறதிநோய் இருப்பதாக, 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் அது ஏறத்தாழ 88 லட்சம். இந்நோயில் தேர்ந்த மருத்துவர்களோ பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கின்றனர். நோயாளியின் அன்றாட வாழ்வோடு நெருங்கிப் பழகுபவர்கள் செவிலியர்களும் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களும் குடும்பத்தினருமே. அவர்கள் அனைவரையும் ஒரு வகுப்பறைக்கு அழைத்து வருவது இயலாது. எனவே பாடம் அவர்களைத் தேடிச் செல்கிறது.

இதில் இரு முறைகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது 'எக்கோ'. மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கல்லீரல் அழற்சி நோயாளிகளுக்காகத் தொடங்கிய முறை இது. தொலைவில் உள்ள மருத்துவப் பணியாளர்கள், தாம் கவனிக்கும் நோயாளியின் நிலையைப் பெயர் குறிப்பிடாமல் காணொளி வழியே எடுத்துரைப்பர்; வல்லுநர்களோடு அனைவரும் கலந்து பேசுவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் மனநலப் பயிற்சிக்கு இம்முறையைப் பயன்படுத்துகிறது.

இரண்டாவது, உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்'. குடும்பப் பராமரிப்பாளர்களுக்கென உருவாக்கப்பட்ட இதில் ஐந்து பகுதிகளும் 23 பாடங்களும் உள்ளன. ஒரு சூழலை விளக்கி, 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டு, விடைக்கான காரணத்தையும் அது சொல்லித் தருகிறது.

பாடம் தருவதும் தராததும்

அந்த மகளின் தந்தை மாலையில் குளிக்க மறுத்தார். வற்புறுத்தினால் கையை ஓங்கினார். பயிற்சி இல்லாதவர் இதைப் பிடிவாதம் என்பார். அப்பணியாளர் அவ்வாறு எண்ணவில்லை. தண்ணீர் குளிர்ச்சியாக உள்ளதா, தரை வழுக்குமென்ற அச்சமா, மூட்டு வலியா, ஆடை களைவதில் கூச்சமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்று ஈரத்துண்டால் உடலைத் துடைத்துவிட்டு, வற்புறுத்துவதை நிறுத்தினார். இவ்வளவும் அவர் கைப்பேசியில் கற்றவை. ஆயினும் மறுப்பின் காரணம் அவருக்கு விளங்கவில்லை.

"அப்பா முன்பெல்லாம் எப்போது குளிப்பார்?" என்று மகளிடம் கேட்டேன். "விடியற்காலை ஐந்து மணிக்கு, கிணற்றடியில். குளிக்காமல் காப்பிகூடக் குடிக்கமாட்டார்" என்றார். குளியலைக் காலைக்கு மாற்றினோம். அதன்பின் எதிர்ப்பு முற்றிலும் மறையவில்லை; ஆனால் பெரும்பாலான நாள்களில் அவர் தாமாகவே குளியலறைக்கு நடந்தார். எந்தப் பாடத்திலும் இல்லாத அச்செய்தி மகளிடம் இருந்தது. அதை அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

1. நோயாளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பணியாளரிடம் கொடுங்கள். எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும், என்ன தொழில் செய்தார், எதற்கு அஞ்சுவார், உண்ணும் உறங்கும் நேரங்கள், கண்ணாடி, காதுக்கருவி ஆகியவை அதில் இருக்கட்டும்.

2. சான்றிதழைக் கேட்பதோடு நில்லாதீர்கள். படுக்கையிலிருந்து எழுப்பி அமர்த்துதல், நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுதல் போன்றவற்றைத் திரையில் பார்த்தால் மட்டும் போதாது. ஒரு செவிலியர் அருகிலிருந்து திருத்த, கையால் செய்து பழகியிருக்க வேண்டும். எங்கள் செவிலியர்களிடம் இதற்கு உதவி கேளுங்கள்.

3. ஓரிரு நாள்களுக்குள் குழப்பமோ தூக்கமோ ஆத்திரமோ திடீரென மிகுந்தால், 'நோய் முற்றிவிட்டது' என்று முடிவு செய்யாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கட்டிலில் கட்டிவைப்பதும் ஆபத்தானவை.

4. பயிற்சிக்காகவேனும் நோயாளியைப் படமெடுத்துக் குழுக்களில் பகிர இடமளிக்காதீர்கள். தம் மானத்தைக் காத்துக்கொள்ள அவரால் இன்று இயலாது.

5. வாரம் ஒரு முறை பணியாளரோடு அமர்ந்து ஒரு பாடத்தைச் சேர்ந்து பாருங்கள். 'நம் வீட்டில் இது எப்படிப் பொருந்தும்?' என்று பேசுங்கள்.

முதியோர் நலம் குறித்த பொதுவான வழிகாட்டுதலுக்கு, 14567 என்ற தேசிய முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

அந்த மகளுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "நம்பலாம் அம்மா. ஆனால் உங்கள் அப்பாவைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்."