வெப்பமும் சட்லெஜ் நதியின் நீர்வரத்தும்

அணை கட்டத் திட்டமிடும் பொறியாளர் முதலில் நாடுவது, அந்நதியில் கடந்த பல ஆண்டுகளில் ஓடிய நீரின் பதிவேட்டையே ஆகும். சென்ற காலம் எவ்வாறோ வருங்காலமும் அவ்வாறே என்ற அடிப்படையில்தான் நமது பெரும் நீர்த்தேக்கங்கள் அமைக்கப்பட்டன. 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணையும் இதற்கு விலக்கன்று. புவி வெப்பமடைந்துவரும் இந்நாளில் பதிவேடு மட்டும் போதாது; கணித மாதிரிகள் தேவைப்படுகின்றன.

திபெத்தில் தோன்றி இமாசலப் பிரதேசத்தின் வழியே வரும் சட்லெஜ், பக்ராவுக்குக் கொண்டுவரும் ஆண்டு நீரில் பாதிக்கு மேற்பட்டது பனியும் பனியாறுகளும் உருகுவதால் கிடைப்பதாகும். எஞ்சியது மழைநீர்.

உருகும் நீரைக் கணிக்க எளிய முறை ஒன்று உண்டு. உறைநிலைக்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் நீர் உருகும் என்று கொள்வதே அது. எடுத்துக்காட்டாக, இவ்வளவை 5 மி.மீ. என வைத்துக்கொள்வோம். 4,000 மீட்டர் உயரத்தில் சராசரி வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் எனில், அன்று உருகுவது 20 மி.மீ. வெப்பம் 2 டிகிரி கூடினால் அது 30 மி.மீ. ஆகிறது. அத்துடன் நிற்பதில்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறைவதால், உறைநிலைக் கோடு ஏறத்தாழ 300 மீட்டர் மேலே நகர்கிறது. அதுவரை உருகாதிருந்த பரப்பும் உருகத் தொடங்கும். பனியாகப் பெய்து தங்கவேண்டியது மழையாகப் பெய்து உடனே ஓடிவிடும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். பனியாற்றின் பரப்பை மாறாத எண்ணாக மாதிரியில் இட்டுவிட்டால், வெப்பம் ஏற ஏற நீரும் பெருகிக்கொண்டே போவதாக விடை வரும். உண்மையில் உருகுவது வட்டியன்று. சேமித்து வைத்த மூலதனம். பனியாறு சுருங்கச் சுருங்க, முதலில் கூடிய நீர்வரத்து ஓர் உச்சத்தை எட்டிப் பின்னர் குறையும். ஆதலின் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் பரப்பைத் திருத்திக் கணக்கிடுவது இன்றியமையாதது.

ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பதும் பயன் தராது. பருவப்பனி முன்னதாக உருகினால், மொத்தம் மாறாவிடினும் மாதங்கள் மாறிவிடும். கோடையில் கால்வாயை எதிர்நோக்கும் பஞ்சாப், அரியானா, இராஜஸ்தான் உழவர்களுக்கு மாதக் கணக்கே முக்கியம்.

வெப்பம் உயரும் என்பதில் தட்பவெப்ப மாதிரிகள் ஒத்துப்போகின்றன. மழை, பனிப்பொழிவு பற்றி அவை வேறுபடுகின்றன. போதாக்குறைக்கு, நமது மழைமானிகளில் பெரும்பாலானவை பள்ளத்தாக்குகளிலேயே உள்ளன; உயர் சிகரங்களில் பெய்யும் பனிக்கு நேரடி அளவீடு மிகக் குறைவு. எனவே ஒரே எண்ணைத் தரும் அறிக்கையைவிட, பல மாதிரிகளைக் கொண்டு மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் காட்டும் அறிக்கையே நம்பத்தக்கது. வரும் பத்தாண்டுகளில் நீர்வரத்து கூடும் என்று ஓர் அறிக்கை கூறுமானால், அதில் பனியாற்றுப் பரப்பு எந்த ஆண்டின் வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அதிகாரி முதலில் வினவுதல் வேண்டும்.