கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது?

கொடகவெலப் பகுதியிலே தரவு ஊடகவியல் பயிலப் புகும் மாணவர், ஜூப்பிட்டர் நோட்புக்கை எவ்விடத்தில் இயக்குவது என எம்மை வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோட்புக் என்பது விளக்கவுரை, நிரல், விடை ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கும் ஏடு. கணக்கின் ஒவ்வொரு படியும் அதில் நிற்றலால் பிறரும் அதனைச் சரிபார்க்கலாம். ஓர் எடுத்துக்காட்டு நோக்குவோம். 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இயற்கைப் பெருக்கம் நீங்கலாக, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாக்கியது. ஆகவே இந்தியாவின் பங்கு நூற்றுக்கு 61.5, இலங்கையின் பங்கு 38.5. யாம் கையாற் கணித்தபொழுது பின்னைய ஒப்பந்தத்தை மறந்து, இந்தியாவின் பங்கை 54 எனப் பிழைபட எழுதினோம். ஏட்டில் வரிவரியாக இட்ட பின்னரே விடுபட்டது புலனாயிற்று. இவை வகுத்த தொகைகளே. உண்மையிற் கப்பலேறியோர் தொகை வேறு. அவ்வெண்கள் எம் பாட்டன் பாட்டியர் ஆதலின், அவற்றிற் பிழைத்தல் தகாது.

இனி, ஏட்டை இயக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, கூகுள் கோலாப். நிறுவவேண்டியது ஏதுமில்லை, உலாவியும் கூகுள் கணக்கும் போதும். ஆயின் இணையம் அற்றால் வேலையும் நிற்கும். அமர்வு முடிந்ததும் அதில் ஏற்றிய தரவுக் கோப்புகள் நீங்கிவிடும். ஆதலின் அவற்றை டிரைவில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, சொந்தக் கணினியில் ஜூப்பிட்டர்லாப் நிறுவுதல். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். தொழிலாளர் பெயர், சம்பளம் போன்ற அந்தரங்கத் தரவு பிறர் கணினிக்குச் செல்லாது.

மூன்றாவது, ஜூப்பிட்டர்லைட். உலாவியினுள்ளேயே பைதன் இயங்கும். சிறு பயிற்சிக்கு ஏற்றது, பெருந்தரவைத் தாங்காது. உலாவியின் சேமிப்பை அழித்தால் ஏடும் அழியும்.

கைப்பேசி மட்டுமே உடையோர் கோலாப்பில் தொடங்குக. கணினி உடையோரும், மழைக்காலத்தில் இணையம் அறும் தோட்டங்களில் வாழ்வோரும் ஜூப்பிட்டர்லாப்பை நிறுவுக. எவ்வழியாயினும் இரண்டு விதிகளை மறவற்க: ஏட்டின் படியொன்றை வேறிடத்திற் காக்க, வெளியிடுமுன் முதற்கலம் தொடங்கி இறுதிவரை மீள இயக்கிப் பார்க்க. கலங்களை முன்பின்னாக இயக்கியதனால் நேர்ந்த பிழை அப்பொழுதே வெளிப்படும்.

கருவி எதுவாயினும், எண்ணுக்குப் பொறுப்பு எழுதுவோனுடையதே.